குடிக்காத மாமாவின் ஈரலில் தழும்பு எப்படி வந்தது?

இந்த இதழுக்கு அறிவியல் பாடம் எழுதும் முறை எனக்கு வந்திருக்கிறது. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். விசை, அழுத்தம், பம்பு என்றால் எழுதலாம், உடம்பைப் பற்றி எழுத நான் யார் என்று முதலில் தயங்கினேன். எழுத வைத்தது என் மாமாவின் மருத்துவ அறிக்கையில் இருந்த ஒரே ஒரு சொல். கிலோபாஸ்கல். ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் இழுத்துப் பார்க்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி எழுதுகிற அலகு அது. அது எப்படி ஒரு மனிதரின் ஈரல் அறிக்கைக்குள் வந்தது?

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. ரவாங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறார். வயது 47. மதுவை வாயில் வைத்ததே இல்லை. வெள்ளிக்கிழமை கோயில், புரட்டாசி முழுக்க சைவம், தைப்பூசத்துக்குப் பத்துமலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வயிற்று வலி என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றார். அடுத்த கேள்வி, "எவ்வளவு குடிப்பீங்க?"

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னால், பாட்டி அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அம்மாவைத் தனியாக அழைத்து, "உண்மையைச் சொல்லு, உன் தம்பி வெளியில குடிக்கிறானா?" என்று கேட்டிருக்கிறார். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் இருந்த காலத்தில் கள்ளும் சம்சுவும் எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று கண்ணால் பார்த்தவர். நம்ம ஆளுங்க மத்தியில் "ஈரல் கெட்டுப்போச்சு" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாமா அந்தத் தாளை மடித்து டிராயரில் போட்டார். மூன்று வருஷம் யாரும் அதை எடுக்கவில்லை.

போன வருஷம் உடம்பு ரொம்ப அசதி என்று மறுபடியும் பரிசோதனைக்குப் போனபோதுதான், ஒரு மருத்துவமனையில் அந்தக் கிலோபாஸ்கல் அறிக்கை கிடைத்தது. 12 என்று போட்டிருந்தது. ஈரலில் தழும்பு முற்றிய நிலையில் இருக்கலாம், சிரோசிஸ் என்று இப்போதே சொல்லிவிட முடியாது, ஆனால் விளையாட்டும் இல்லை என்றார் நிபுணர்.

கொழுப்பு எப்படித் தழும்பாக மாறுகிறது? இதுதான் இன்றைய பாடம்.

கொழுப்பு வரும் வழி

1980-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 20 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஈரலிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் குடிகாரர் ஈரல் மாதிரியே இருந்தது. கொழுப்பு, அழற்சி, தழும்பு எல்லாம் உண்டு. ஆனால் அவர்கள் குடிக்கிறவர்கள் இல்லை. மாமாவிடம் கேட்ட அதே கேள்வியை அவர்களிடமும் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ! அன்றிலிருந்து "மது சாராத" என்ற அடைமொழியோடுதான் இந்த நோயை அழைத்து வந்தார்கள். 2023-ல் உலக ஈரல் மருத்துவச் சங்கங்கள் கூடிப் பெயரையே மாற்றின. இப்போது வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்பு ஈரல் நோய் என்று பெயர். மது என்ற சொல் பெயரில் இல்லை. பெயரால் வரும் அவமானமும் மாற்றத்துக்கு ஒரு காரணம்.

ஈரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புத் துளிகள் தென்பட்டால் கொழுப்பு ஈரல் என்கிறார்கள். அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? "எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டா ஈரல்ல எண்ணெய் ஒட்டும்" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2005-ல் டொன்னலி குழுவினர் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு அடையாளமிட்டு அளந்தார்கள். ஈரலில் இருந்த கொழுப்பில் சுமார் 59 விழுக்காடு, இரத்தத்தில் ஓடும் கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்தது. அதாவது பெரும்பாலும் நம் தொப்பையிலும் மற்ற சேமிப்புகளிலும் இருந்து கசிந்து வந்தது. 26 விழுக்காடு ஈரல் தானே தயாரித்தது. சாப்பாட்டில் இருந்த எண்ணெய், நெய் நேரடியாகப் போய்ச் சேர்ந்தது 15 விழுக்காடுதான்.

அந்த 26-ஐக் கவனியுங்கள். ஈரல் எதை வைத்துக் கொழுப்பு தயாரிக்கிறது? சர்க்கரை, மாவுச்சத்து. அதிலும் சீனியில் பாதியாக இருக்கும் ஃபிரக்டோஸ், பெரும்பகுதி ஈரலுக்கே போய், கொழுப்பு தயாரிக்கும் வேலையை முடுக்கிவிடுகிறது. இப்படித் தயாராகும் முதன்மையான கொழுப்பு அமிலத்தின் பெயர் பால்மிடிக் அமிலம். பெயரைப் பார்த்தாலே தெரியும், செம்பனை எண்ணெயில் நிறைய இருப்பது இதுதான். ரவாங்கைச் சுற்றி நம் தாத்தா பாட்டிகள் குலை வெட்டிய அதே செம்பனை. ஆக, பொரித்த கோழியை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மூன்று கிளாஸ் தே தாரே குடித்தால், அதே அமிலத்தை ஈரலே உட்கார்ந்து தயாரித்துக்கொள்ளும். மாமா கதை அதுதான். காலை வேன் முடிந்து ஒன்று, மதியம் பள்ளி விடுவதற்கு முன் ஒன்று, இரவு மாமாக் கடையில் பந்து பார்த்துக்கொண்டு ஒன்று. எல்லாவற்றிலும் கெட்டிப்பால். நடுவில் தாகம் எடுத்தால் டின் பானம். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள பானத்தை 320 மில்லி குடித்தால் 32 கிராம், கிட்டத்தட்ட எட்டு தேக்கரண்டி.

2019 ஜூலை முதல் நம் அரசாங்கம் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள டின், பாட்டில் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது, பிறகு கூட்டியும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் கடையில் நம் கண் முன்னால் கலக்கும் தே தாரேவுக்கு அந்த வரி கிடையாது.

நம்மவர்களுக்கு ஏன் அதிகம்?

தேசிய சுகாதார ஆய்வு 2019-ல் வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டது. இந்தியர்களில் மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நீரிழிவும் கொழுப்பு ஈரலும் அண்ணன் தம்பி மாதிரி. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் வா கியோங் சான் குழு நீரிழிவு நோயாளிகளை ஸ்கேன் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. அதே குழு 2015-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, தொப்பை உள்ள நீரிழிவு நோயாளிகளிடம் கொழுப்பு ஈரல், உடல் உழைப்புக் குறைவோடும் சக்தி செறிந்த மலேசிய உணவுகளோடும் தொடர்புபட்டிருப்பதைக் காட்டியது. நம் ஊர்ச் சாப்பாடு ஆராய்ச்சிக் கட்டுரைத் தலைப்பிலேயே ஏறிவிட்டது. பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

"நான் ஒல்லி, எனக்கு வராது" என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு படம் இருக்கிறது. 2004-ல் 'லான்செட்' இதழில் வந்தது. பூனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. சட்டை அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளே சரக்கு வேறு. அதனால்தான் மலேசியாவில் உடல் நிறைக் குறியீடு 23 தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள். எடைத் தட்டைவிட இடுப்பு அளக்கும் நாடா நமக்கு நன்றாக உண்மை சொல்லும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. மரபணுவுக்கும் பங்கு உண்டு. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு வகை, கொழுப்பு ஈரலையும் அதன் தீவிரத்தையும் கூட்டுகிறது என்பதை மலாயாப் பல்கலைக்கழகக் குழு 2012-ல் மலாய், சீன, இந்திய நோயாளிகளிடம் ஆராய்ந்து எழுதியிருக்கிறது.

காவல்காரர்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கொழுப்பு சேர்ந்த ஈரல் பலருக்கு அப்படியே பல வருஷம் கிடக்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் அது தழும்பாக மாறுகிறது. நடுவில் என்ன நடக்கிறது?

குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் ஈரலுக்கு வருகிறது. சாப்பாட்டுச் சத்து மட்டுமா வரும்? குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் உடைந்த துண்டுகளும் கொஞ்சம் வரும். அதனால் ஈரலின் நுண்குழாய்களுக்குள் காவல் செல்கள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கின்றன. கூப்ஃபர் செல்கள் என்று பெயர். வருகிற குப்பையைப் பிடித்து விழுங்குவது அவற்றின் வேலை.

இந்தச் செல்களின் மேல் டிஎல்ஆர்-4 என்ற ஒரு புரதம் துருத்திக்கொண்டிருக்கிறது. பாக்டீரியா உறையின் துண்டு பட்டால் செல்லுக்குள் மணி அடிக்கும் சென்சர் அது. டிஎல்ஆர்-4தான் அந்தச் சென்சர் என்று 1998-ல் கண்டுபிடித்த புரூஸ் பியூட்லருக்கு 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சாதாரண நாளில் குடல் சுவர் இறுக்கமாக இருக்கும், துண்டுகள் குறைவாக வரும், மணி எப்போதாவது அடிக்கும். கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் பலருக்குக் குடல் சுவரின் இறுக்கம் தளர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மணி நிற்காமல் அடிக்க ஆரம்பிக்கிறது.

இன்னொரு பக்கம், கொழுப்பு நிறைந்த ஈரல் செல்லும் திணறுகிறது. பால்மிடிக் அமிலம் அளவுக்கு மிஞ்சினால் செல்லுக்கு நஞ்சு. செல் சாகும்போது அதன் உள்ளே இருக்க வேண்டிய சரக்கு வெளியே கொட்டும். காவல் செல்லுக்கு அதுவும் ஓர் அபாய அறிவிப்பு. வெளியிலிருந்து கிருமி வரவில்லை; ஆனால் காவல் நிலையத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் புகார்.

கூப்ஃபர் செல் என்ன செய்யும்? ஆள் கூப்பிடும். டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அழற்சிச் சமிக்ஞைகளை விடுகிறது. சிசிஎல்2 என்ற இன்னொரு சமிக்ஞை, எலும்பு மஜ்ஜையில் பிறந்த வெள்ளணுக்களை "இங்கே வா" என்று இழுக்கிறது. வந்தவை ஈரலிலேயே தங்கிப் புதுக் காவலர்களாகின்றன. சண்டை போட எதிரி இல்லை, கூட்டம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. கூட்டத்திலிருந்து கிளம்பும் ஒரு சமிக்ஞைதான் நம் கதையின் வில்லன், டிஜிஎஃப்-பீட்டா. வில்லன் என்று சொன்னது கூட நியாயமில்லை. விரலில் கத்தி பட்டால் காயம் ஆறுவது இதே டிஜிஎஃப்-பீட்டாவால்தான். அதன் உத்தரவு எளிமையானது: "காயம் பட்டிருக்கு, கட்டு."

உத்தரவைக் கேட்பது யார்? நட்சத்திர செல்கள். ஈரல் செல்லுக்கும் நுண்குழாய்க்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளியில், கைகளை நீட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பவை. உடம்பின் வைட்டமின் ஏ சேமிப்பில் பெரும்பகுதி இவற்றுக்குள்தான். (இங்கே ஒரு வேடிக்கை. 1876-ல் ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் ஃபொன் கூப்ஃபர் முதலில் பார்த்து "நட்சத்திர செல்" என்று பெயர் வைத்தது இவற்றைத்தான். பிறகு அவரே காவல் செல்களோடு குழப்பிக்கொண்டார், பெயர் அவற்றுக்குப் போய்விட்டது. 1971-ல் ஜப்பானியர் கென்ஜிரோ வாகே கூப்ஃபரின் பழைய முறையையே திரும்பச் செய்து பார்த்துக் குழப்பத்தைத் தீர்த்தார். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆள் மாறாட்டம்!)

டிஜிஎஃப்-பீட்டா வந்து தட்டியதும் நட்சத்திர செல் ஆளே மாறிவிடுகிறது. வைட்டமின் ஏ-வைக் கைவிடுகிறது, பெருகுகிறது, தசை மாதிரி சுருங்கும் சக்தி பெறுகிறது, கொலாஜன் நாரை நூற்றுத் தள்ள ஆரம்பிக்கிறது. அந்த நார்தான் தழும்பு.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதற்குள் இருக்கும் பிரேக். நட்சத்திர செல்லின் மேல் பாம்பி என்ற ஒரு போலி ஏற்பி இருக்கிறது. டிஜிஎஃப்-பீட்டாவின் உத்தரவை உள்ளே போகவிடாமல் அமுக்குவது அதன் வேலை. 2007-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் செக்கி, பிரென்னர், ஷ்வாபே குழுவினர் எலிகளில் காட்டியது இது: நட்சத்திர செல்லிலும் டிஎல்ஆர்-4 உண்டு, குடலிலிருந்து வரும் பாக்டீரியாத் துண்டு அதில் பட்டால், செல் பாம்பியைக் குறைத்துவிடுகிறது. பிரேக் எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அதே அளவு டிஜிஎஃப்-பீட்டா வந்தாலும் தழும்பு வேகமாக வளர்கிறது. ஆக்சிலேட்டரை யாரும் கூடுதலாக மிதிக்கவில்லை, பிரேக்கைத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

தழும்பு வந்தால் என்ன?

ஈரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக, குறைந்த அழுத்தத்தில் வருகிறது. ஈரல் மெத்தென்று இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நார் வளர்ந்து நுண்குழாய்களை நெருக்கினால் தடை கூடும், பின்னால் அழுத்தம் ஏறும். ரவாங்காரனுக்குப் பம்புக் கதை புதிதில்லை. 1894-ல் லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் எங்கள் ஊர் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தைக் கொண்டுவந்து பம்பு ஓட்டினார்கள், மலாயாவிலேயே முதல் மின்சாரம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். குழாய் அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். இரத்தமும் அப்படித்தான். உணவுக்குழாயின் சிறு சிரைகளில் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. வெடித்தால் இரத்த வாந்தி. வயிற்றில் நீர் கோர்க்கிறது. இது சிரோசிஸ் கட்டம். அங்கிருந்து ஈரல் புற்றுநோய்க்கும் வழி இருக்கிறது.

இன்னொன்று. கடினமான தளத்தில் உட்கார்ந்த நட்சத்திர செல், அந்தக் கடினத்தை உணர்ந்தே இன்னும் நார் நூற்கும். தழும்பு கடினத்தைக் கூட்டும், கடினம் தழும்பைக் கூட்டும். பொறியியலில் இதை நேர் பின்னூட்டம் என்போம். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் கோயில் திருவிழாவில் ஒரு கீச்சுச் சத்தம் வருமே, அது.

2015-ல் அங்குலோ குழுவினர் 619 நோயாளிகளின் பழைய ஈரல் துணுக்குகளை எடுத்து, அவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று ஒப்பிட்டார்கள். எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு அழற்சி என்பதைவிட, எவ்வளவு தழும்பு என்பதுதான் ஆயுளோடு சம்பந்தப்பட்டிருந்தது. ஆகவே "ஈரலில் கொழுப்பு" என்று டாக்டர் சொன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "தழும்பு இருக்கா, டாக்டர்?" மாமா அதைக் கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தெரியாது, வெட்கம் வேறு.

அகார்-அகாரும் டயரும்

கிலோபாஸ்கலுக்கு வருகிறேன். ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி விலா இடுக்கில் வைத்து ஒரு சின்னத் தட்டு தட்டும். தோலிலிருந்து ஒரு அதிர்வலை உள்ளே போகும். அந்த அலையின் வேகத்தை அல்ட்ராசவுண்ட் அளக்கும். மெத்தென்ற பொருளில் அலை மெதுவாகவும் கடினமான பொருளில் வேகமாகவும் போகும். தீபாவளிக்கு அம்மா செய்யும் அகார்-அகாரைத் தட்டிப் பாருங்கள், பிறகு மோட்டார் டயரைத் தட்டிப் பாருங்கள். சூத்திரம் எளிது: கடினம் = 3 × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். ஈரலின் அடர்த்தியைத் தண்ணீர் மாதிரியே கன மீட்டருக்கு 1,000 கிலோ என்று வைக்கிறார்கள். அலை வினாடிக்கு 1.3 மீட்டர் போனால் சுமார் 5 கிலோபாஸ்கல், நலமான ஈரல். மாமாவுக்கு 2 மீட்டர் போயிருக்கிறது. 3 × 1,000 × 4 = 12,000 பாஸ்கல், அதாவது 12 கிலோபாஸ்கல். நான் அந்தக் கணக்கை அறிக்கையின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ என் ஈரல் டயர் ஆகிட்டு வருதுடா" என்றார்.

8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. வலி இல்லை, ஊசி இல்லை, பத்து நிமிஷ வேலை.

ஒரு சமிக்ஞையை அறுத்தால் போதுமா?

இத்தனை சமிக்ஞைகள் தெரிந்த பிறகு, ஒன்றைப் பிடித்து அறுத்தால் முடிந்ததே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மருந்துக் கம்பெனிகளுக்கும் தோன்றியது. வெள்ளணுக்களை இழுக்கும் சிசிஎல்2-வின் வாசலை அடைக்கும் செனிக்ரிவிராக் என்ற மருந்து சின்னச் சோதனையில் நம்பிக்கை கொடுத்தது. பெரிய சோதனை 2021-ல் பலன் இல்லை என்று நிறுத்தப்பட்டது. செல்லின் உள்ளே ஏஎஸ்கே1 என்ற அபாயச் சமிக்ஞையை அமுக்கும் செலான்செர்டிப் 2019-லேயே தோற்றது.

ஏன்? ஒரு காரணம், ஒரே வேலைக்குப் பல பாதைகள் இருக்கின்றன. ஒன்றை அடைத்தால் இன்னொன்று. அதைவிட ஆழமான காரணம் ஒன்றை 2005-ல் டஃபீல்ட், ஐரடேல் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். தழும்பு வளரும் நேரத்தில் காவல் செல்களை நீக்கினால் தழும்பு குறைந்தது. ஆனால் காயம் நின்று ஈரல் தேறும் நேரத்தில் அதே செல்களை நீக்கினால் தழும்பு கரையவில்லை. கொலாஜனை அரித்து அகற்றும் நொதிகள் வருவதற்கும் அதே செல்கள்தான் வேண்டியிருக்கிறது. கட்டுகிறவரும் இடிக்கிறவரும் ஒரே ஆள். எந்த வேலையைச் செய்வார் என்பது புகார் இன்னும் வந்துகொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதைப் பொறுத்தது.

நம் ஊரிலும் ஒரு நல்ல சோதனை நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வா கியோங் சான், சஞ்சீவ் மகாதேவா குழுவினர், மில்க் திஸில் என்ற முட்செடியின் சாரமான சிலிமரினை 99 நோயாளிகளிடம் 48 வாரம் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மறு பாதிக்குப் போலி மாத்திரை. ஒவ்வொருவரின் ஈரல் துணுக்கையும் முன்னும் பின்னும் பார்த்தார்கள். அவர்கள் முதலில் குறி வைத்த அளவுகோலில் மருந்துக்கு 32.7 விழுக்காடு, போலிக்கு 26 விழுக்காடு; வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லப் போதாது. தழும்பு குறைந்தவர்கள் 22.4 விழுக்காடும் 6 விழுக்காடும். இது நம்பிக்கை தரும் எண், ஆனால் சின்னச் சோதனையின் இரண்டாம் கட்ட முடிவு. பெரிய சோதனை வேண்டும் என்பதே நியாயம். மருந்துக்கடையில் "ஈரல் சுத்தம்" என்று எழுதி விற்கும் டப்பா ஒவ்வொன்றுக்கும் இது சான்றிதழ் ஆகாது. பாட்டி பரிந்துரைத்த கீழாநெல்லி பற்றியும் தேடினேன். 1988-ல் சென்னை ஆய்வு ஒன்று 'லான்செட்'டில் வந்து பெரிய பேச்சானது உண்மை, ஆனால் அது ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கு. பிறகு வந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவும் இல்லை. கொழுப்பு ஈரல் வேறு நோய்.

இப்போது அமெரிக்காவில் 2024-ல் ரெஸ்மெடிரோமுக்கும் 2025-ல் செமாகுளூடைடுக்கும், சிரோசிஸ் வராத தழும்பு நோயாளிகளுக்காக அனுமதி கிடைத்திருக்கிறது. இரண்டுமே நேரடியாகச் சமிக்ஞையை வெட்டும் மருந்துகள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று ஈரல் கொழுப்பை எரிக்கத் தூண்டுகிறது, மற்றது பசியையும் எடையையும் குறைக்கிறது. புகார் கிளம்பும் இடத்தில் கை வைக்கின்றன.

மருந்தே இல்லாமல் அதைச் செய்தவர்கள் கியூபாவில் இருக்கிறார்கள். வில்லர்-கோமெஸ் குழுவினர் 293 பேரை 52 வாரம் உணவுக் கட்டுப்பாடு, நடையில் வைத்து 2015-ல் எழுதினார்கள். எடையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அழற்சி நோய் தீர்ந்தது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. கசப்பான பக்கமும் உண்டு, அந்த 10 விழுக்காட்டை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்தான். "வாயைக் கட்டு, தானா சரியாகும்" என்று சொல்வது சுலபம், செய்வது அவ்வளவு சுலபமில்லை. வீட்டில் எல்லாரும் சேராமல் ஒருவர் மட்டும் மாற முடியாது.

டிராயரில் இருந்த தாள்

மூன்று வருஷத்துக்கு முந்திய அந்தத் தாளை நான் எடுத்துப் பார்த்தேன். அதில் இரத்தப் பரிசோதனை எண்கள் இருந்தன. ஏஎஸ்டி 58, ஏஎல்டி 64, பிளேட்லெட் 210, வயது 44. இந்த நான்கை வைத்துத் தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 என்ற கணக்கு 2006-லிருந்து இருக்கிறது. வயதை ஏஎஸ்டியால் பெருக்கு. பிளேட்லெட்டை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கு. முதலாவதை இரண்டாவதால் வகு. 44 × 58 = 2,552. 64-இன் வர்க்கமூலம் 8; 210 × 8 = 1,680. விடை 1.52. 1.3-க்குக் கீழே இருந்தால் பயம் குறைவு, மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த சோதனை வேண்டும், 2.67-ஐத் தாண்டினால் தள்ளிப்போடவே கூடாது.

விடை அந்தத் தாளிலேயே இருந்திருக்கிறது. கணக்குப் போட ஆள் இல்லை. நான் அப்போது படிவம் ஆறு. கணக்கில் ஏ வாங்கிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டு டிராயரிலும் இப்படி ஒரு தாள் இருக்கலாம். அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுடைய இரத்த அறிக்கையை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது, நமக்கு நாமே போட்டுப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். 65-க்கு மேற்பட்டவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2-ஐ எல்லையாக வைக்கிறார்கள். எண் எதுவாக இருந்தாலும் முடிவு சொல்ல வேண்டியது டாக்டர், நாம் இல்லை. நாம் செய்யக்கூடியது அந்தத் தாளை டிராயரிலிருந்து மேசைக்குக் கொண்டுவருவது. "குடிக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டால் கோபப்படவும் வேண்டாம், மதுவும் கூட இருந்தால் தழும்பு வேகமாகும் என்பதால் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மாமா பற்றிச் சொல்லி விடுகிறேன். அப்போது 82 கிலோ. முதல் ஆறு மாதம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை, தீபாவளி வேறு நடுவில் வந்தது. அத்தைதான் சமையலறையை மாற்றினார். சோறு அரைத் தட்டு, மீதி காய்கறி, கெட்டிப்பால் டின் வீட்டுக்குள் வரக்கூடாது. மாலை வேன் ஓட்டம் முடிந்ததும் தாமான் திடலைச் சுற்றி இருவரும் நடக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் பத்துமலையில் 272 படி ஏறினால் போதும் என்று நினைத்தவர் இப்போது வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறார். காப்பி குடிக்கிறவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன என்று நான் சொன்னதும், அதை மட்டும் உடனே பிடித்துக்கொண்டார். மாமாக் கடையில் உட்கார்ந்தால், "அண்ணே, கோப்பி ஓ, கொசோங்!" கடைக்காரர் முதல் வாரம் நம்பவில்லையாம், சீனியைத் தனியாகக் கொண்டுவந்து வைத்தாராம்.

பதினான்கு மாதத்தில் 75 கிலோ. சென்ற மாதம் எடுத்த ஸ்கேனில் 8.6 கிலோபாஸ்கல். அலையின் வேகம் வினாடிக்கு 1.7 மீட்டர். 8-க்குக் கீழே இன்னும் போகவில்லை, அடுத்த ஸ்கேன் வருகிற வருஷம். பாட்டியிடம் இந்த எண்ணையெல்லாம் எப்படி விளக்குவது என்று தெரியாமல் அகார்-அகார் கதையைச் சொன்னேன். பாட்டி கேட்டுவிட்டு மாமாவைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, "குடிக்கிறேன்னு நெனச்சிட்டேன்யா" என்றார்.